கிராம சபைக்கு ஊர்க்காரர்களை வரவைப்பது எப்படி? வந்தவர்களைப் பேச வைப்பது எப்படி?

செம்மண்சாலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு நடுத்தர ஊராட்சி. தாய்க்கிராமமும் குக்கிராமங்களும் சேர்த்து நாலாயிரம் பேருக்குக் கொஞ்சம் மேல் இருப்போம். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவன், கம்பெனி வீட்டிலிருந்தே வேலை பார்க்க விட்டதால் இங்கேயே தங்கிவிட்டேன்.

இந்த மே 1 அன்று நடந்த கிராம சபைக்குப் போயிருந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்களும் பாட்டிகளும்தான். உள்ளே நுழைந்ததும் பதிவேட்டில் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு, அப்புறம் சாமியானாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஊராட்சி செயலாளர் மைக்கைப் பிடித்து மாவட்டத்திலிருந்து வந்த கூட்டப்பொருளை ஒவ்வொன்றாக வேகமாக வாசித்தார். டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர் சிக்கனம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொன்று முடிந்ததும் "யாருக்கும் ஆட்சேபணை இல்லையே" என்பார், முன்வரிசையில் சிலர் கை தட்டுவார்கள், அடுத்ததற்குப் போய்விடுவார். எங்கள் தெரு அண்ணன் ஒருவர் எழுந்து, குளத்தங்கரையில் விளக்கு எரியாததைக் கேட்டார். "அதைத் தனியா ஆபீசுக்கு வந்து சொல்லுங்க, இங்க வேணாம்" என்றார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை.

இதைவிட எனக்கு வருத்தம் என் வயசுப் பையன்கள் விஷயத்தில்தான். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, டெல்லி அரசியலிலிருந்து அமெரிக்கத் தேர்தல் வரைக்கும் ராத்திரி 1 மணி வரை சண்டை போடுவார்கள், நல்ல விஷய ஞானம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அதே குழுவில் "நாளைக்குக் கிராம சபை, வாங்கடா" என்று போட்டால் ஒரு கட்டைவிரல், அதோடு சரி. அம்மாவிடம் சொன்னால் "நமக்கெதுக்குப்பா ஊர் வம்பு, தங்கச்சி கல்யாணம் வேற இருக்கு" என்கிறார். அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இங்கே ஒருவரைக் கேள்வி கேட்டால் அவர் மாமன் மச்சான் அத்தனை பேரும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்கள்.

2025 ஜனவரியில் தலைவர், வார்டு உறுப்பினர் எல்லார் பதவிக்காலமும் முடிந்துபோய், இப்போது அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அதனால் கேட்பதற்கென்று கையில் மிச்சம் இருப்பது கிராம சபை ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அடுத்தது ஆகஸ்ட் 15. ஆட்களை எப்படி வரவைப்பது? வந்தவர்களை எப்படிப் பேச வைப்பது? பேசினால் ஏதாவது நடக்குமா? செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கடைமடை எழுதியது:

தம்பி, நான் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கடைமடை ஊராட்சியில் 2019 தேர்தலில் ஜெயித்து வார்டு உறுப்பினராக இருந்தவள். மேடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில் ஒன்று. "கிராம சபைக்கு வாங்க" என்று கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள், கூப்பிட வேண்டியது அந்த ஆளின் வீட்டுப் பிரச்சினைக்கு. எங்கள் வார்டில் ஒரு தெருவுக்குக் குழாய் இருக்கும், தண்ணீர் வராது. தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தெருக்காரர்கள் எல்லாரும் பிடித்து முடித்தபிறகு கடைசித் தெருவுக்கு வருவதற்குள் ஆபரேட்டர் மோட்டாரை நிறுத்திவிடுவார். ரொம்ப நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தத் தெருப் பெண்களிடம் கிராம சபை என்ற வார்த்தையையே முதலில் எடுக்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாளைத் தூக்கிப் போடாமல் அதன் பின்னால் அன்றைக்குத் தண்ணீர் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை குடம் கிடைத்தது, வரவே இல்லையா என்று மட்டும் எழுதி ஆணியில் குத்தி வையுங்கள் என்றேன். எழுதத் தெரியாத பாட்டிக்குப் பேத்தி எழுதிக்கொடுத்தது. ரெண்டு மாசத் தாள் சேர்ந்தபிறகுதான், இதை அக்டோபர் 2 கூட்டத்தில் கொண்டுபோய் வைப்போமா என்று கேட்டேன். ஒரு வீடு பாக்கியில்லாமல் வந்தார்கள். கூட்டத்தைக் கவனிக்க ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, பற்றாளர் என்பார்கள், அவர் அந்தத் தாள் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "தண்ணி வரல" என்று சும்மா சொல்லியிருந்தால் "பார்க்கச் சொல்றோம்மா" என்று போயிருக்கும். தேதி வாரியாகக் கையில் இருந்ததால் ஆபரேட்டரை அங்கேயே கூப்பிட்டுக் கேட்க வேண்டியதாகிவிட்டது. கடைசித் தெருவுக்குத் தனி கேட் வால்வு போடுவது என்று தீர்மானமாகி, பொங்கலுக்குள் வால்வு வந்தது. அந்தப் பெண்கள் அதற்கப்புறம் நான் கூப்பிடாமலே எல்லாக் கூட்டத்துக்கும் வந்தார்கள், அடுத்து சுடுகாட்டுப் பாதையைக் கேட்டார்கள், ரேஷன் கடை திறக்கும் நேரத்தைக் கேட்டார்கள்.

இரண்டாவது, பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும், தீர்மானப் பதிவேட்டில் ஏறியது மட்டும்தான் நிற்கும். உங்கள் அண்ணனைத் தனியாக ஆபீசுக்கு வரச் சொன்னது இதனால்தான். கூட்டத்துக்கு ரெண்டு மூணு நாள் முன்பே மனுவாக எழுதி, ரெண்டு நகல் எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மனு கொடுத்திருக்கோம், இதைப் பொருளா எடுத்துக்கங்க" என்று கேளுங்கள். எடுத்தபிறகு விட்டுவிடக் கூடாது, "எழுதினதை ஒருமுறை வாசிங்க" என்று கேட்கவேண்டும். ரொம்ப ஊரில் தீர்மானத்தைக் கூட்டம் கலைந்தபிறகு சாவகாசமாக எழுதுகிறார்கள், கையெழுத்து மட்டும் முன்னாலேயே வாங்கிவிடுகிறார்கள். வாசிக்கச் சொல்லிக் கேட்பதற்கு எந்தச் சட்டமும் படிக்கவேண்டாம், மரியாதையாகவும் கேட்கலாம்.

மூன்றாவது, ஆள் எண்ணிக்கை. நூறு நாள் வேலைக்காரர்களை ஏன் அழைத்து உட்காரவைக்கிறார்கள் தெரியுமா? மூவாயிரத்து ஒன்றிலிருந்து பத்தாயிரம் வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 200 பேர் இருந்தால்தான் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை, நிறையும். உங்கள் ஊராட்சியும் அதில்தான் வரும். அந்த 200-ஐ நிரப்பத்தான் அவர்களைக் கூப்பிடுகிறார்கள். நீங்கள் அவர்களை வெறும் கூட்டமாகப் பார்த்துவிடாதீர்கள். அவர்கள்தான் வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்தக் கண்மாயில் வேலை நடந்ததாகக் கணக்கு மட்டும் இருக்கிறது என்று நேரில் பார்த்தவர்கள். உங்கள் வாட்ஸ்அப் குழு முழுக்கச் சேர்ந்தாலும் அந்த விவரம் வராது. அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள், மேடை ஓரமாகக் கை கட்டிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஒத்தையடி எழுதியது:

அக்கா சொன்னதை மதிக்கிறேன். வால்வு வரை தீர்மானம் வேலை செய்யும், அதற்கு மேலே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காஞ்சிபுரம் பக்கம் ஏகனாபுரத்தில் பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று 2022 ஆகஸ்ட் 15-லிருந்து கிராம சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஊரே ஒன்றாக நின்று கேட்கிறது. திட்டம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கிராம சபைக்கு அரசியலமைப்புச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, 73-வது திருத்தம் என்று எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அதே 243ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள், மாநிலச் சட்டமன்றம் கொடுக்கிற அதிகாரத்தைக் கிராம சபை செலுத்தலாம் என்றுதான் இருக்கிறது. மாநிலம் கொடுத்தால்தான் உண்டு. ஊர்க்காரன் பேசவில்லை, பேசவில்லை என்று ஊர்க்காரன் மேலேயே பழியைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, பேசியவனுக்கு என்ன பதில் வந்தது என்றும் கேட்கவேண்டும்.

இன்னொன்று, யாருமே சொல்லாதது. கூட்டம் எங்கே நடக்கிறது? எங்கள் ஒன்றியத்தில் ஒரு ஊராட்சியில் பல வருஷம் ஊர்க் கோயில் முன்மண்டபத்தில்தான் கிராம சபை போட்டார்கள். எங்கள் தெரு ஜனம் அந்த மண்டபத்தில் ஏறி உட்கார முடியாது, கீழே வெயிலில் நின்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அவர்களைப் பார்த்து "ஏன் ஜனநாயகத்தில் பங்கெடுக்கவில்லை" என்று கேட்டால் அவர்கள் என்ன சொல்வார்கள்? மேலவளவில் 1997-ல் தலித் ஒருவர் ஊராட்சித் தலைவரானதற்காக அவரையும் கூட இருந்த ஐந்து பேரையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நாலு ஊரிலும் 1996-லிருந்து 2006 வரை தலைவர் நாற்காலியில் ஒரு தலித்தை உட்காரவிடவில்லை. பயம் என்று செம்மண்சாலை எழுதியிருப்பது உறவு முகம் சுளிக்கும் பயம். சிலருக்கு அது உயிர்ப்பயம். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

மேலூர்க்காரன் எழுதியது:

ஒத்தையடி, நான் மேலூர் தாலுகா. மேலவளவு எங்களுக்குப் பக்கத்து ஊர், நீங்கள் எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். இடம் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன், கிராம சபையை மதம் சார்ந்த இடத்தில் நடத்தக் கூடாது, ஊராட்சிக்குள் இருக்கும் குக்கிராமங்களில் சுழற்சியாக நடத்தவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் வரும் சுற்றறிக்கையிலேயே இருக்கிறது. அடுத்த கூட்டம் எங்கள் தெருவில் நடக்கவேண்டும் என்று மனுப் போடுங்கள், மாவட்ட ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர், நகலை அவருக்கும் அனுப்புங்கள். உங்கள் தெருவில் கூட்டம் நடந்தால் கீழே நிற்கவேண்டிய நிலை யாருக்கும் இல்லை.

தீர்மானத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கதையைச் சொல்கிறேன். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கம் ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள், சுமார் ஐயாயிரம் ஏக்கர். அரிட்டாபட்டி 2022-ல்தான் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது, ஏழு மலையும் சுனைகளும் குடைவரைக் கோயிலும் சமணர் படுகையும் தமிழிக் கல்வெட்டும் இருக்கிற இடம். யாரும் எங்களைக் கேட்கவில்லை. அந்த வருஷம் உள்ளாட்சி தினக் கிராம சபை நவம்பர் 1-லிருந்து 23-க்குத் தள்ளிப் போயிருந்தது, அந்த நாளில் இந்தப் பக்கத்து ஊராட்சிகளில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். அதுவரை கட்சிக் கூட்டத்துக்குக்கூட வராத பெண்கள் மைக்கை வாங்கிப் பேசினார்கள். டிசம்பர் 9-ல் சட்டமன்றமே தனித் தீர்மானம் போட்டது. ஜனவரி 7-ல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்கு ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தீர்மானம் மட்டும் சுரங்கத்தை நிறுத்தியது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் யார் எதிர்க்கிறார்கள் என்று கேட்டபோது "ஊர்" என்று காட்ட ஒரு காகிதம் இருந்தது. கட்சி தூண்டிவிடுகிறது, வெளியாட்கள் வந்து கெடுக்கிறார்கள் என்ற பேச்சு எடுபடாமல் போனதற்கு அது பெரிய காரணம். ஒடிசாவில் நியாம்கிரி மலையில் பாக்சைட் எடுக்க வந்தபோது 2013-ல் உச்சநீதிமன்றம் அந்தக் கேள்வியைக் கிராம சபைகளிடமே விட்டது. கூடிய 12 கிராம சபையும் வேண்டாம் என்றது, அடுத்த வருஷம் ஜனவரியில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே வன உரிமைச் சட்டம் கை கொடுத்தது, நமக்கு எல்லா இடத்திலும் அந்தச் சட்டம் கிடையாது, அது உண்மைதான். ஏகனாபுரத்துக்காரர்கள் இன்னும் தோற்கவில்லை என்பதும் உண்மை.

நெல்லியம்பதி எழுதியது:

நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் பக்கம், தமிழ் பேசும் குடும்பம். இங்கே எப்படி நடக்கிறது என்று சொன்னால் உங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

கேரளத்தில் கிராம சபை ஊராட்சிக்கு ஒன்று கிடையாது, வார்டுக்கு ஒன்று. அந்த வார்டு வாக்காளர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர் வந்தால் போதும், மூன்று மாசத்துக்கு ஒருமுறையாவது கூட்டவேண்டும், கூட்டவேண்டிய பொறுப்பு வார்டு உறுப்பினருடையது. என் வார்டு கூட்டத்தில் உட்கார்ந்தால் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள், அங்கன்வாடி டீச்சர், பால் சங்கத்துக்காரர், எதிர்வீட்டு அம்மா. மைக்கே தேவைப்படாது. நாலாயிரம் பேர் ஊராட்சிக்கு ஒரே கூட்டம் என்றால் நாலு பேர் பேசுவார்கள், மிச்சப்பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதில் ஆச்சரியமே இல்லை.

வருவதற்கு இன்னொரு காரணம் பணம். 1996-ல் மக்கள் திட்டம் ஆரம்பித்தபோது மாநிலத் திட்ட நிதியில் 35-லிருந்து 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று ஒதுக்கினார்கள். யாருக்கு வீடு, யாருக்குக் கறவை மாடு, எந்த ரோடு முதலில் என்று அங்கே முடிவாகும் என்றால் யார்தான் வரமாட்டார்கள்? 1998-ல் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுயஉதவித் திட்டம் வந்தபிறகு பெண்கள் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தார்கள், அயல்கூட்டம் என்ற அக்கம்பக்கப் பெண்கள் குழுவில் வாராவாரம் பேசிப் பழகியதால் இங்கேயும் பேசுகிறார்கள். எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்லமாட்டேன். பயனாளி பட்டியல் இருக்கும் கூட்டத்துக்கு நிறைய பேர் வருவார்கள், அடுத்த வருஷத் திட்டம் பேசும் கூட்டத்தில் பாதி நாற்காலி காலியாக இருக்கும், வசதியானவர்கள் எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஒத்தையடி கேட்ட கேள்விக்கும் எங்கள் பக்கத்தில் ஒரு பதில் இருக்கிறது. பிளாச்சிமடை எங்கள் பக்கம்தான். ஆதிவாசிப் பெண்கள் கிணற்றுத் தண்ணீர் கெட்டுவிட்டது என்று கோகோ கோலா ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள், பெருமாட்டி ஊராட்சி 2003-ல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் போனது, ஆனால் 2004 மார்ச்சில் நின்ற உற்பத்தி திரும்ப ஆரம்பிக்கவே இல்லை.

உங்கள் ஊரில் சட்டப்படி வார்டு சபை இல்லாவிட்டால் என்ன, ஆகஸ்ட் 15-க்கு முன்னால் தெருத்தெருவாக நீங்களே ஒரு மாலை உட்கார்ந்து பேசிவிடுங்கள். எந்தத் தெரு எதைக் கேட்கப்போகிறது, யார் எழுந்து பேசப்போகிறார்கள் என்று அங்கேயே முடிவாகிவிட்டால் பெரிய கூட்டத்தில் தயக்கம் பாதியாகக் குறையும்.

செம்மண்சாலை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஒத்தையடி அண்ணா, உங்கள் பதிலை ரெண்டு முறை படித்தேன். எங்கள் ஊராட்சியிலும் காலனிப் பக்கம் கூட்டம் நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை, இன்று சாயங்காலம் அங்கே இருக்கும் என் பள்ளித் தோழனிடம் கேட்டுப் பார்த்தேன், அவன் "வச்சாக் கண்டிப்பா வருவோம்" என்றான். அந்த மனுவை அவனோடு சேர்ந்து எழுதப்போகிறேன்.

கடைமடை அக்கா, ஒன்று கேட்கவேண்டும். வரவு செலவு கேட்கலாமா? போன கூட்டத்தில் மொத்தத் தொகையை மட்டும் வாசித்தார்கள். அதைக் கேட்டால்தான் சண்டை வரும் என்று எல்லாரும் பயப்படுகிறார்கள்.

கடைமடை:

தாராளமாகக் கேட்கலாம் தம்பி, கேட்கவேண்டிய இடமே அதுதான். ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பது இருக்கிறது. "எவ்வளவு அடிச்சீங்க" என்று ஆரம்பித்தால் கணக்கு பேச்சு போய்விடும், மானப் பிரச்சினை ஆகிவிடும், நாலு பேர் நடுவில் புகுந்து சமாதானம் பேசுவார்கள், பதில் கிடைக்காது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சிக் கணக்குகள் இருக்கிற இ-கிராம் சுவராஜ் என்ற அரசு இணையதளத்தில் உங்கள் ஊராட்சிப் பெயரைத் தேடினால் நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு என்று இருக்கும், அதில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஒரு வேலையை, ஒரு சிமெண்டு ரோடோ ஒரு மோட்டார் பழுதோ, எழுதி எடுத்துக்கொண்டு போய், "இந்த வேலை எந்த இடத்துல நடந்துச்சு, எத்தனை மீட்டர்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். ஆளைப் பற்றிப் பேச்சே வேண்டாம், வேலையைப் பற்றி மட்டும். பதில் இல்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள், 30 நாளில் பதில் தரவேண்டும், வேறு அலுவலகத்திடம் இருக்கிற தகவல் என்றால் அவர்களே அங்கே அனுப்பிவைக்கவேண்டும்.

அப்புறம் உங்கள் அம்மா சொன்னது. தனியாக எழுந்து கேட்டால் வம்பு, ஐந்து வீட்டிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கு ஒரு கேள்வியாகக் கேட்டால் அது ஊர்க் கேள்வி. கேட்கிறவர்களில் வேறு வேறு சாதி, வேறு வேறு கட்சி ஆட்கள் இருக்கும்படி பாருங்கள், இது ரொம்ப முக்கியம். ஒரே கட்சிப் பையன்களாகப் போனால் நீங்கள் கேட்கும் நியாயமான கேள்வியும் கட்சிக் கேள்வியாகிவிடும். உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எதிர்க்கட்சிக்காரனாக நின்று உங்களோடு சண்டை போடுகிறானே, அவனைத்தான் முதலில் கூப்பிடவேண்டும். விவாதம் பண்ணத் தெரிந்தவன், வீணாக்காதீர்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பெண்கள் முன்னால் உட்கார்ந்தால் கூட்டத்தில் சத்தம் ஏறாது, கெட்ட வார்த்தையும் வராது, இதை நான் ஐந்து வருஷம் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம்வாசி எழுதியது:

நகரத்தில் இருப்பவர்களும் படிப்பீர்கள் என்பதால் சின்னத் தகவல். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி வார்டுகளில் 2022-லிருந்து கிராம சபை மாதிரியே பகுதி சபா என்று இருக்கிறது, கவுன்சிலர்தான் கூட்டவேண்டும். எங்கள் குடியிருப்பில் இருநூறு வீட்டுக்கு மேல் உண்டு, சங்கக் கூட்டத்தில் லிஃப்ட் பராமரிப்புக் கட்டணத்துக்கு மணிக்கணக்கில் வாதாடுபவர்கள், வாசலுக்கு வெளியே இருக்கும் மழைநீர் வடிகாலைப் பற்றிக் கேட்க ஒரு இடம் இருக்கிறது என்பதே தெரியாமல் இருக்கிறார்கள். எங்கள் வார்டில் கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறோம். இந்த இழையில் கடைமடை எழுதியதை அச்செடுத்து சங்க நோட்டீஸ் போர்டில் ஒட்டலாமா அக்கா?

கடைமடை:

ஒட்டுங்கள் தம்பி, யாருக்காவது உபயோகப்பட்டால் சரி.

செம்மண்சாலை:

கடைசியாக ஒரு சந்தேகம். குழுவில் ஏழெட்டுப் பேர் ஆகஸ்ட் 15-க்கு வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதில் மூன்று பேருக்கு ஓட்டு இன்னும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிறது. அவர்கள் எழுந்து பேசலாமா? "உனக்கு இந்த ஊர்ல ஓட்டே இல்ல" என்று உட்காரவைத்துவிட்டால்?

மேலூர்க்காரன்:

அப்படிச் சொன்னால் அவர்கள் சொல்வது சட்டப்படி சரிதான். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை உறுப்பினர்கள். ஊரிலேயே நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்கள் படிவம் 8-ஐ நிரப்பி முகவரியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், வாக்காளர் சேவைத் தளத்திலேயே போடலாம், தெரியாவிட்டால் 1950-க்குக் கூப்பிட்டால் சொல்வார்கள். இதுவரை எங்கேயும் பெயரே சேர்க்காதவர்களுக்குப் படிவம் 6. மாறி வருவதற்குள் ஆகஸ்ட் 15 வந்துவிட்டால் அந்த மூன்று பேரும் மனு எழுதும் வேலையையும் தெருக்கூட்டத்தையும் பார்த்துக்கொள்ளட்டும், எழுந்து பேசுவதைப் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் செய்யட்டும். அக்டோபர் 2-க்குள் எல்லார் பெயரும் ஏறிவிட வாய்ப்பிருக்கிறது, இன்றைக்கே போடச் சொல்லுங்கள்.